கீழே ஜிம், பக்கத்தில் வீடு: புகாரைத் தீர்க்க என்ன வழி?

கேள்வி: என் கட்டடத்தின் தரைத்தளத்தை ஜிம் நடத்த வாடகைக்கு விட்டிருக்கிறேன். உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும், அதிகாலைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று ஒட்டியுள்ள வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஜிம்மைக் காலி செய்யச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், "உரிமம் இருக்கிறதே" என்று அவர்களிடம் வாதாடுவதை விடுங்கள். அங்கே தொழில் நடத்தலாம் என்பதற்குத்தான் உரிமம். அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்க அது அனுமதி ஆகாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் 1879-இல் லண்டனில் வந்த ஒரு தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. மிட்டாய் தயாரிப்பாளர் ஒருவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் இடத்தில் உரல்களை இயக்கிவந்தார். பின்னால் குடிவந்த மருத்துவர் அந்த இடத்தின் சுவரை ஒட்டி ஆலோசனை அறை கட்டிக்கொண்டு, உரல் சத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். ஜெயித்தது மருத்துவர்தான். 'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்பதுகூட அங்கே எடுபடவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. 'சத்தம்' என்று பொதுவாகச் சொன்னால் எதையும் சரிசெய்ய முடியாது. எந்த நேரம், எந்தச் சத்தம், எந்த அறையில் என்று ஒரு வாரம் குறித்துத்தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிரச்சினை மூன்று நான்கு விஷயங்களுக்குள் அடங்கிவிடும்: எடைகளைக் கீழே போடுவது, பாட்டின் பாஸ் (தும் தும் என்று அதிரும் தாழ்ந்த ஒலி), ஷட்டரைத் தூக்குவது, வாசலில் வண்டியோடு நின்று பேசுவது. அவர்கள் குறித்த அந்த நேரத்தில் அவர்கள் படுக்கையறைக்கே போய்க் கேட்டுப் பாருங்கள். உங்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து இதைக் கணிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல்படி, நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. அது மிகவும் அமைதியான அளவு.

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சுவரில் ஃபோம் ஒட்டினால் உள்ளே எதிரொலி குறையும், அவ்வளவுதான். எடை விழும் அதிர்வு தரை, தூண், சுவர் வழியாகப் பயணிக்கிறது. அதைத் தரையிலேயே தடுக்க வேண்டும். எடைப் பகுதியைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி மாற்றுங்கள், அடியில் தடிமனான ரப்பர் போடுங்கள். அதுவும் போதாவிட்டால், கட்டடத்தோடு நேரடியாக ஒட்டாமல் அதிர்வுதாங்கிகள் மேல் நிற்கும் தனித் தளம் தேவைப்படும். அதற்கு ஒலியியல் நிபுணரைக் கூப்பிடுவது நல்லது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு பாஸைக் குறையுங்கள். ஏசி சத்தமும் தொல்லையென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே மாதிரி ஓடும் இரண்டு ஏசி வெளி யூனிட்களில் ஒன்றை நிறுத்தினால் 3 டெசிபல்தான் குறையும். சத்தம் பாதியானது போல் காதுக்குத் தோன்ற 10 டெசிபலாவது குறைய வேண்டும்.

செலவே இல்லாத வழி, நேரக் கட்டுப்பாடு. அதிகாலையில் ஓட்டம், நீட்சிப் பயிற்சி மட்டும். எடைகள் விடிந்த பிறகுதான். இதை வாய்வார்த்தையாக விடாமல் வாடகை ஒப்பந்தத்தில் சேருங்கள். மீறினால் என்ன என்பதும் அதில் இருக்கட்டும். அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கொடுங்கள். மாலையில் ஆட்கள் வந்துபோகும் சாதாரணச் சத்தத்தை அவர்களும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதையும் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்லலாம்.

தரை வேலைக்கான செலவை முழுவதுமாக ஜிம்காரர் தலையில் கட்டாதீர்கள். அவர் போன பிறகும் கட்டடம் உங்களுடையதுதானே.