மருத்துவர் பதில்கள்: மயக்க மருந்தும் கல்லீரலும்

கேள்வி: 1980-களில் என் அம்மாவுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இரண்டாவது முடிந்த ஒரு வாரத்துக்குள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் கண்டு, நினைவு தப்பி இறந்துபோனார். 'மயக்க மருந்து கல்லீரலைப் பாதித்துவிட்டது' என்று மட்டும் சொன்னார்கள். இப்போது 46 வயதாகும் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியுள்ளது. எனக்கும் அப்படி நேருமா? நேர்ந்தால் இன்று அதற்குச் சிகிச்சை உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பழைய மருத்துவக் குறிப்புகள் இல்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனாலும், தாங்கள் எழுதியிருக்கும் வரிசை ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவால் வரும் கல்லீரல் அழற்சியோடு பெரிதும் ஒத்துப்போகிறது. 1956-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட இம்மருந்து, பழைய மயக்க மருந்தான ஈதர் தீப்பற்றும், இது பற்றாது என்பதாலும் நோயாளி எளிதாக மயங்குவார் என்பதாலும் சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. காமாலை மரணங்கள் குறித்த செய்திகள் வரத் தொடங்கியதும், அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கல்லீரல் பெருமளவில் அழிந்து இறப்பது ஏறத்தாழ 35,000 பேரில் ஒருவருக்குத்தான் என்றும், ஹாலோத்தேன் பெற்றவர்களின் மொத்த இறப்பு விகிதம் மற்ற மருந்துகளைவிடக் கூடுதலாக இல்லை என்றும் அந்த ஆய்வு கூறியது. அந்த ஒருவரின் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எந்த ஆறுதலும் தராது என்பதை நான் அறிவேன்.

மருந்தின் அளவு கூடியதால் வருவதல்ல இந்த நோய். உடலுக்குள் சென்ற ஹாலோத்தேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கல்லீரல் சிதைக்கிறது. அப்போது உண்டாகும் ஒரு வேதிப்பொருள் கல்லீரலின் சொந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அப்புரதங்களை அந்நியமெனக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. ஒருமுறை பகைமை பழகிய உடல் இரண்டாம் முறை விரைவாகவும் கடுமையாகவும் தாக்கும் என்பதால்தான், குறுகிய இடைவெளியில் மீண்டும் அதே மருந்தைக் கொடுப்பது ஆபத்தாக முடிந்தது. நடுத்தர வயதுப் பெண்களிடமும் உடல் பருமன் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டது, குழந்தைகளிடம் அரிது.

குடும்பத் தொடர்பு பற்றிய தங்கள் அச்சம் வீணானதன்று. நெருங்கிய உறவினர்களான பெண்கள் மூன்று ஜோடிகளுக்கு இந்நோய் வந்ததை 1981-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது. ஆயினும் ஹாலோத்தேனைப் பெரும்பாலான மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன. அதே இனத்தைச் சேர்ந்த மயக்க மருந்துகளில் ஐசோஃப்ளூரேன் 0.2 சதவீதமும் டெஸ்ஃப்ளூரேன் 0.02 சதவீதமும்தான் கல்லீரலில் சிதைகின்றன என்றாலும், அவற்றிலிருந்தும் அதே வகைப் பொருள் உண்டாவதால், தங்களைப் போன்றோருக்கு அவற்றைத் தவிர்ப்பதையே நான் விரும்புவேன். மற்றொரு மயக்க மருந்தான செவோஃப்ளூரேனிலிருந்து அப்பொருள் உண்டாவதில்லை. நரம்பு வழியாகச் செலுத்தும் புரோப்போஃபாலைக் கொண்டே முழு மயக்கத்தையும் நடத்தவும் முடியும். ஆகவே, அறுவை சிகிச்சை நிபுணரிடம் மட்டுமல்லாமல், மயக்க மருத்துவரை முன்கூட்டியே நேரில் சந்தித்து அம்மாவின் வரலாற்றைக் கூறி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இனி சிகிச்சை. அறுவைக்குப் பின் வரும் காமாலை எல்லாமே மயக்க மருந்தால் வருவதல்ல. தங்கள் விஷயத்தில் பித்தக்குழாயில் நழுவி விழுந்த கல்லே முதல் சந்தேகமாக இருக்கும். ரத்த அழுத்தம் நீண்ட நேரம் தாழ்ந்திருந்தது, பாராசிட்டமால், ஆன்டிபயாட்டிக், வைரஸ் ஆகிய அனைத்தையும் விலக்கிய பிறகே மயக்க மருந்தின் மீது பழி போட வேண்டும்.

இந்நோய்க்கென்று தனி முறிமருந்து கிடையாது. ஸ்டீராய்டால் உறுதியான பயன் நிரூபிக்கப்படவில்லை. பாராசிட்டமால் நஞ்சுக்குக் கொடுக்கப்படும் என்-அசிட்டைல்சிஸ்டீனை மற்ற காரணங்களால் வந்த திடீர் கல்லீரல் செயலிழப்பிலும் சோதித்தபோது, நினைவுக் குழப்பம் தொடக்க நிலையில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் மாற்றுக் கல்லீரல் இல்லாமலே பிழைத்தனர்; மருந்து பெறாதவர்களில் அது 30 சதவீதம் என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆழ்ந்த கோமாவுக்குச் சென்றுவிட்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. மற்றபடி, சர்க்கரை அளவு திடீரென இறங்காமல் குளுக்கோஸ் ஏற்றுவதும், மூளை வீக்கத்தையும் நோய்த்தொற்றையும் கண்காணிப்பதும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை. ரத்தக் கசிவு இல்லாதபோது பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றினால், ரத்தம் உறைவதில் உள்ள தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பார்வைக்குச் சீராகிவிடும். கல்லீரலின் உண்மை நிலை மறைந்துபோகும். அந்த ஐ.என்.ஆர்., ரத்தத்தில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவு, வயது, காமாலைக்கும் நினைவுக் குழப்பத்துக்கும் இடைப்பட்ட நாட்கள் ஆகியவற்றை வைத்துத்தான் கல்லீரல் மாற்று அறுவை தேவையா என்று முடிவு செய்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர் 1989-இல் வகுத்த அந்த அளவுகோலில், நோய்க்குக் காரணம் ஹாலோத்தேன் என்பதே மோசமான அறிகுறிகளுள் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

ஆதலால் நினைவு தடுமாறும்வரை காத்திருக்காமல், ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கியதுமே மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று உறவினர்கள் கழிக்கும் இரண்டு நாட்களில் அந்த வாய்ப்பு கைநழுவியதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: முதுகுத் தண்டில் போடும் மயக்க ஊசியாலும் கல்லீரல் கெடுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மேலே சொன்ன வகையில் கெடாது. அதில் செலுத்தப்படும் மருந்தின் அளவு மிகக் குறைவு. அது ஹாலோத்தேன் இனத்தைச் சேர்ந்ததும் அன்று. ஏற்கெனவே கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதப்படும் என்பதால், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தக்கூடும். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகே அந்த ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்வார்கள்.