மாதம் 394 டாலருக்கு ஆர்.வி. வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் ரவுண்ட் ராக்கில் குடும்பத்தோடு இருக்கிறோம். 2 பிள்ளைகள், ஹெச்-1பி விசா, சொந்த வீடு, ஹோண்டா ஒடிசி வண்டி. இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் நண்பரின் ஆர்.வி.யில் (படுக்கை, சமையல் வசதியுள்ள நடமாடும் வீடு) 2 நாள் தங்கியதிலிருந்து பிள்ளைகள் விடுவதாயில்லை. டீலர் ஒரு புது டிராவல் டிரெய்லருக்கு (வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் ஆர்.வி.) 42,000 டாலர் சொல்கிறார். விற்பனை வரி 6.25% சேர்த்தால் 44,625. கையிலிருந்து 4,625 போட்டால் மீதி 40,000-க்கு 8.5% வட்டியில் 15 வருடக் கடன், மாதம் 394 டாலர். ‘இரண்டாவது வீடு’ என்று காட்டிக் கடன் வட்டியை வரியிலும் கழிக்கலாம் என்கிறார். வருடத்துக்கு 6 முறை, முறைக்கு 2 இரவு போவோம். வாங்கலாமா?

பதில்: இந்தக் கடனில் வேண்டாம். ஏரிக்கரையில் தங்கும் ஆசையில் தப்பே இல்லை. தப்பு அந்த 15 வருடத்தில் இருக்கிறது.

15 வருடத்தில் நீங்கள் கட்டப்போவது சுமார் 70,900 டாலர். அதில் வட்டி மட்டும் 30,900. அதைவிட மோசமானது நடுவில் வரும் நிலைமை. 5 வருடம் தவறாமல் கட்டிய பிறகும் 31,770 டாலர் பாக்கி நிற்கும். அதற்குள் டிரெய்லர் பாதி விலைக்கு, அதாவது 21,000-க்குப் போனாலே நல்ல விலை. விற்க வேண்டுமென்றால் 10,770 டாலரைக் கையிலிருந்து போட்டுக் கடனை அடைத்தால்தான் டைட்டில் (உரிமைப் பத்திரம்) உங்கள் கைக்கு வரும். ஹெச்-1பியில் வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இப்படி ஒரு பொருள் தலையில் இருக்கக்கூடாது.

இப்போது ஓர் இரவுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். குடியிருப்போர் சங்கம் டிரெய்லரை வாசலில் நிறுத்த விடாது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துமிட வாடகை மாதம் 80, இன்சூரன்ஸ், டயர், பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருடம் 2,000 டாலர் என்று போடுகிறேன். 5 வருடத் தவணை 23,634, முன்பணம் 4,625, இந்தச் செலவு 10,000, விற்கும்போது போடும் 10,770: மொத்தம் 49,000 டாலரைத் தாண்டுகிறது. நீங்கள் தங்குவது 60 இரவு. ஓர் இரவுக்கு 817 டாலர், பார்க் கட்டணம் தனி.

வரிச் சலுகை என்பது பாதி உண்மை. படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் இருந்தால் டிரெய்லரை இரண்டாவது வீடாக ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) ஏற்கும். ஆனால் செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்குத்தான் அதனால் பலன். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் பட்டியலே இல்லாமல் கிடைக்கும் நிலையான கழிவே 2025-க்கு 31,500 டாலர்; பட்டியல் அதைத் தாண்டினால்தான் லாபம். டெக்சஸில் மாநில வருமான வரியும் கிடையாது. உங்கள் வீட்டுக்கடன் வட்டி 14,000, சொத்துவரி 8,000, விற்பனை வரி 2,000 என்று வைத்தால் 24,000. டிரெய்லரின் முதல் வருட வட்டி 3,350, அதற்குக் கட்டிய விற்பனை வரி 2,625 இரண்டையும் சேர்த்தாலும் 30,000-ஐத் தொடாது. ஆக, சலுகை பூஜ்யம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டீலர் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு: இழுக்கும் வண்டி. ஒடிசி இழுப்பது அதிகபட்சம் 3,500 பவுண்டு. நீங்கள் பார்க்கும் விலையில் வருபவை பெரும்பாலும் வெறும் எடையிலேயே 5,000 பவுண்டு பக்கம் இருக்கும். விளம்பரத்தில் போடும் அந்த வெறும் எடையில் தண்ணீர், உங்கள் அரிசி மூட்டை, பாத்திரம் எதுவும் சேராது. 40 காலன் தண்ணீர் மட்டுமே 334 பவுண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் அழுத்தும்; அது போதாவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். அந்த அழுத்தமும் வண்டிக்குள் உட்காரும் ஆட்களும் சேர்ந்து, டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்புக்குள் அடங்க வேண்டும். அதாவது டிரெய்லரோடு ஒரு பிக்கப் டிரக்கும் வாங்க வேண்டிவரும். மேலே சொன்ன 817 டாலரில் அது இல்லை.

அதனால் முதல் ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள். அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் உரிமையாளரே டிரெய்லரைப் பார்க்குக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, இணைப்புகளும் கொடுத்துவிட்டுப் போகும் வசதி உண்டு. இரவுக்கு 130 டாலர் என்றால் அது ஆரம்பம்தான். டெலிவரி 200, தளக் கட்டணமும் காப்பீடும் 90, சுத்தம் செய்யவும் கழிவுத் தொட்டி காலி செய்யவும் 75 என்று வைத்தால் 2 இரவுக்கு 625. ஆறு முறைக்கு 3,750. 5 வருடத்துக்கு 18,750. வாங்குவதைவிட 30,000 டாலர் குறைவு, டிரக்கும் வேண்டாம்.

முதலில் பார்க்கில் இடத்தைப் பிடியுங்கள், பிறகு வண்டியை. டெக்சஸ் ஸ்டேட் பார்க் முகாம் இடங்களை 5 மாதம் முன்பே பதியலாம்; இங்க்ஸ் லேக்கில் வார இறுதிக்கு அந்த முதல் நாளே உட்கார வேண்டும். நுழைவுக் கட்டணம் முகாம் கட்டணத்தில் சேராது. 70 டாலர் வருட பாஸ் எடுத்தால் உங்கள் வண்டியில் வரும் எல்லாருக்கும் நுழைவு இலவசம்; 6 முறை போகிறவர்களுக்கு அது லாபமே. பார்க்குக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸும் வேண்டாம்.

வாடகைக்குக் கட்டும் டெபாசிட்டில் உரிமையாளர் கைவைக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் வந்ததும் கூரை விளிம்பு, ஆனிங் (வெளிப்பக்க நிழற்கூரை) துணி, டயர், உள்ளே தரை எல்லாவற்றையும் உரிமையாளர் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள். 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான். ஏசி 13 ஆம்ப், மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர் 12 ஆம்ப் இழுக்கும்போது இட்லிக்கு இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் பிரேக்கர் விழும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டு அடுப்பைப் போடுங்கள். கார் இன்சூரன்ஸும் கிரெடிட் கார்டும் வாடகை ஆர்.வி.யைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கார்டுகள் பெரும்பாலும் ஆர்.வி.யை விலக்கியே வைத்திருக்கும்.

ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையாமல், வருடத்துக்கு 15 இரவுக்கு மேல் உண்மையிலேயே போயிருந்து, எப்படியும் டிரக் வாங்கும் எண்ணமும் இருந்தால், 15,000 டாலருக்குள் 5 வருடப் பழைய டிரெய்லரை ரொக்கத்தில் பாருங்கள். 6 மாத வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும், அதைத் தொடக்கூடாது. வாங்கும் முன் கூரையில் ஏறி சீலன்ட் (இணைப்புகளில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பசை) வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மூலைச் சுவர்களை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி 4 இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 6 வருடம் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் நான்கு டயர் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.