1950களின் கடைசியில் அமெரிக்காவில் எல்லாம் அவ்வளவு மலிவா?

விலைப் பட்டியலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மெக்டொனால்ட்ஸில் ஹாம்பர்கர் 15 சென்ட், ஒரு கேலன் பெட்ரோல் ஏறக்குறைய 30 சென்ட், தபால்தலை 3 சென்ட் (அதுவும் 1958 ஆகஸ்டில் 4 ஆனது, ஒரு சென்ட்தானே என்று விடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்).

சரி, கையில் எவ்வளவு வந்தது? 1956 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். அப்படியென்றால் அந்த ஹாம்பர்கருக்கு ஒன்பது நிமிட உழைப்பு. ஆனால் உணவகத் தொழிலாளிகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை, அதாவது அதைச் சுட்டுக் கொடுத்தவருக்கு அந்த ஒரு டாலர்கூட உறுதியில்லை! கலர் டிவி என்றால் ஆர்சிஏ என்ற நிறுவனத்தின் மலிவான மாடலே 495 டாலர். மணிக்கு ஒரு டாலர் வாங்குபவர் சாப்பாடு, வாடகை எதுவுமில்லாமல் மூன்று மாதம் உழைக்க வேண்டும். அதனால் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைதான்.

அந்த டிவியில் வெறியாகப் பார்த்தது பரிசுப் பணம் தரும் வினாடி வினாக்களை. ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் போட்டியாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று வியர்க்க வியர்க்க யோசிப்பார், வியர்வையை ஒற்றி எடுப்பதற்குக்கூட ஒத்திகை நடந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் அதில் ஜெயித்து நாடு முழுக்கப் பிரபலமானவர். நிகழ்ச்சி நடத்தியவர்கள் தனக்குப் பதில்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். 1957-ல் சோவியத் யூனியன் விண்ணில் விட்ட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்குக்கு அப்புறம் ஜனங்களை இவ்வளவு உலுக்கிய செய்திகள் குறைவு என்றுதான் நான் சொல்வேன்.