வாடைக்காற்றில் தொங்கும் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து பொள்ளாச்சிக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கார்த்திகை பிறந்ததிலிருந்து குளிர்காற்று விடாமல் வீசுகிறது. தக்காளிச் செடிகள் பகலில் தொங்கிப்போவதால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். மல்லிகை பூப்பதே இல்லை. தக்காளியைப் பிடுங்கிவிட்டு அடுத்த பட்டத்திற்குக் காத்திருப்பதா? கொங்குப் பகுதியில் இருப்பவர்கள் இந்தக் காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்:

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே ஒரு சிற்றூரில், வீட்டைச் சுற்றியுள்ள பத்து சென்ட் செம்மண் நிலத்திலும் மாடியிலும் பதினெட்டு ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது, இரு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன் என்ற வரிதான். மற்றவற்றை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஆண்டு மழை நின்று நின்று பெய்துகொண்டே இருந்தது. பிறகு மோடம் கலைந்து வெயில் அடித்தது, கூடவே வாடைக்காற்றும் எழுந்தது. முற்பகல் பதினொரு மணிக்கெல்லாம் தக்காளி இலைகள் துணி போலத் தொங்குவதைப் பார்த்து, தாகத்தில் வாடுகின்றன என்று எண்ணி, காலை மாலை இரண்டு வேளையும் குடத்தால் ஊற்றினேன். ஒரே வாரத்தில் இருபத்திரண்டு செடிகளில் பதினான்கு செத்துப்போயின. செத்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரை இரு விரல்களால் உருவினேன். பழுப்பேறிய தோல் உறை போலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே வெள்ளை நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. தேங்கிய சாக்கடையின் நாற்றம் அடித்தது. நனைந்து கிடந்த மண்ணுக்குள் காற்றுப் புக இடமில்லாமல் வேர் அழுகியிருந்ததால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதனால் உறிஞ்ச முடியவில்லை. மேலே காற்றோ இலையிலிருந்த ஈரத்தை நாள் முழுவதும் பிடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஊற்றிய ஒவ்வொரு குடமும் அந்த அழுகலைத்தான் வளர்த்தது.

அன்றிலிருந்து, செடி தொங்கினால் முதலில் மண்ணைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். நடுவிரலை இரண்டு கணு ஆழத்திற்கு விட்டு எடுத்த மண், உருட்டினால் உருண்டையாக நின்றால் தண்ணீர் தேவையில்லை. மறுநாள் விடியற்காலையில் அதே செடியைப் பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் பகலில் தொங்கியது காற்றினால்தான். விடிந்த பிறகும் தொங்கியே இருந்தால் வேரிலோ தண்டிலோ கோளாறு இருக்கிறது. ஈரம் தேங்கிய பாத்தியில் ஒரு சாண் ஆழத்திற்கு வடிகால் பறித்துவிட்டு, தண்டைச் சுற்றியுள்ள மண்ணை வேர் அறுபடாமல் கொத்திக் கிளறி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து அடியில் ஊற்றினால் பாதி நோய்ப்பட்ட செடிகூடத் தேறுவதுண்டு. முழுவதும் அழுகியதை எதுவும் மீட்காது.

இனிக் காற்று. இந்த ஊருக்கு நீங்கள் வந்து ஓர் ஆடி கழிந்திருப்பதால் அதன் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அப்போது மேற்கிலிருந்து காற்று பாயும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றை நம்பித்தான். ஐப்பசிக்குப் பிறகு திசை மாறி, வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வரும் காற்று அதே கணவாயை நோக்கி இழுபடுகிறது. இந்தத் திசைமாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆடிக் காற்றுக்காக மேற்கே ஊன்றிய குச்சியை அப்படியே விட்டுவிட்டால், இப்போது செடி அந்தக் குச்சியின் மேலேயே சாய்ந்து நாளெல்லாம் உரசும், தண்டின் தோல் சிராய்த்துப்போகும், அந்தப் புண் வழியாகவே நோயும் நுழையும். குச்சியைப் பிடுங்கி வடகிழக்கில் ஊன்றி, நனைத்த வாழைநாரை எட்டு என்ற எண் வடிவில் சுற்றி, குச்சிக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி கட்டுங்கள். இருபது செடிகளுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

காற்றுத் தடுப்பு என்றதும் தகரத்தையோ பிளாஸ்டிக் தாளையோ நிறுத்தத் தோன்றும். அது வேண்டாம். அடைத்து நிற்கும் தடுப்பின் மேல் ஏறும் காற்று மறுபுறம் சுழன்று விழுந்து செடியை இன்னும் மோசமாக அலைக்கழிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் தட்டிதான் நல்லது. அப்படிப்பட்ட தடுப்பு தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) சோளத்தட்டைக் கைப்பிடி கைப்பிடியாக நிறுத்தி, நடுவில் விரல் நுழையும் சந்து விட்டுக் கயிற்றால் பின்னித் தட்டி கட்டுவார். சிறுமியாக இருந்த நான் அந்தச் சந்துகளை அடைக்கப் போனபோது, "அடைக்காத கண்ணு, காத்து போறதுக்கும் வழி வேணுமல்ல" என்று தடுத்தார். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், கிளுவை என்ற முள்மரத்தின் வேலி நிற்பதைப் பார்த்திருந்தால் இந்த அமைப்பு உங்களுக்கு விளங்கும். இடமிருந்தால் வடகிழக்கு ஓரத்தில் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) ஊன்றி வையுங்கள், சில ஆண்டுகளில் உயிர்வேலியாகிவிடும். மாடியில் 50 சதவீத நிழல்வலையைப் பக்கவாட்டில் மட்டும் கட்டுங்கள். தலைக்கு மேல் கட்டியிருந்த வலையை இப்போது கழற்றிவிட வேண்டும். மார்கழியில் பகல் 11½ மணி நேரம்தான், சூரியனும் தெற்கே சாய்ந்து போகிறது. மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே இரண்டடிக்கு விழும் என்பதால், தெற்குச் சுவரை ஒட்டி வைத்த பைகளை அங்கிருந்து நகர்த்துவது அவசியம்.

பனி என்று நாம் சொல்வது இங்கே இலையில் இறங்கும் ஈரத்தைத்தான். உறைபனி உதகையோடு நின்றுவிடுகிறது; நம் சமவெளியில் மார்கழி இரவுகளில்கூடப் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி வரை இருக்கும். அந்தக் குளிர் தக்காளி காய் பிடிப்பதற்கு ஏற்றதே. ஆனால் விடிய விடிய இலை நனைந்து கிடப்பதால் பீர்க்கு, புடலை, பாகல் கொடிகளில் அடிச்சாம்பல் நோய் பரவுகிறது. ஆகவே மாலையில் தண்ணீர் விடுவதை அடியோடு விட்டுவிட்டு, பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணியளவில், இலையில் படாமல் வேரடியில் மட்டும் விடுகிறேன். பஞ்சகவ்யம் தெளிப்பதையும் அந்த நேரத்திற்கே மாற்றிக்கொண்டேன். அதை உழவர்களிடம் கொண்டுசேர்த்தவர் நம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் என்பதில் எங்கள் பகுதிக்காரர்களுக்குப் பெருமை உண்டு. லிட்டருக்கு 30 மில்லி போதும்.

மல்லிகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குளிரில் அது ஓய்வெடுக்கும் செடி. சத்தியமங்கலம் பூச்சந்தையில் இந்த மாதங்களில் மல்லிகை விலை ஏறுவது இந்த வரத்துக் குறைவால்தான். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழு எருவும் வேப்பம் புண்ணாக்கும் இட்டால், வெயில் ஏறும்போது புதுத் துளிரில் பூக்கும். கறிவேப்பிலை துளிர்க்கத் தயங்குவதும் குளிரால்தான். எருவைக் கொட்டி அவசரப்படுத்த வேண்டாம். வைகாசியில் நட்ட மஞ்சளின் தழை மார்கழியில் பழுக்கத் தொடங்கினால் அது கிழங்கு முற்றுவதன் அடையாளம். எதிர்வீட்டில் புதிதாக மஞ்சள் நட்ட தம்பதியர் அதை நோய் என்று எண்ணி மருந்து அடிக்கப் போனார்கள். நல்லவேளையாக முன்னதாக என்னிடம் கேட்டார்கள்.

இந்தக் குளிருக்கென்றே பிறந்த செடி பந்தல் அவரை. பகல் குறுகினால்தான் பூக்கும் என்பதால் ஆடியில் விதைத்த நாட்டு அவரை மாதக்கணக்கில் வெறும் கொடியாக ஓடி, இப்போதுதான் ஊதாப் பூ வைக்கும். அந்தப் பூங்கொத்தின் காம்பில் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்க்கிறதா என்று தினமும் பாருங்கள். தொடக்கத்திலேயே விரலால் வழித்துவிட்டால் மருந்தே வேண்டாம்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பார்கள். மழை ஓய்ந்த பிறகு இதே காற்று மேல்மண்ணை விரைவில் உலர்த்திவிடும். அப்போதுதான், அதற்கு முன்பு அல்ல, நார்க்கழிவையோ சோளத்தட்டையோ நான்கு விரல் கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். ஈர மண்ணில் இப்போதே மூடினால் நான் பட்ட பாட்டை நீங்களும் படுவீர்கள்.

தக்காளியைப் பிடுங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். மிக மோசமாகத் தொங்கும் ஒன்றை மட்டும் பிடுங்குங்கள். வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால், தண்டின் அடிப்பகுதியை ஒரு விரல் நீளத்திற்கு நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் பால் போன்ற இழை நீருக்குள் இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய்; அந்தப் பாத்தியில் சில ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்கக்கூடாது. இழை இறங்காவிட்டால் மற்ற செடிகளை அப்படியே விட்டு, வடிகால் பறித்து, தட்டி கட்டி, பத்து நாள் பொறுத்திருங்கள். பிடுங்கிய இடம் வெறுமனே கிடக்க வேண்டாம், கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவிவிடுங்கள். அதற்கு இதைவிட நல்ல பருவம் நம் ஊரில் கிடையாது.