நுண்கணிதத்தோடு வரும் இயற்பியல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அடுத்த பருவத்தில் நுண்கணிதம் கலந்த இயற்பியல் தாள் இருக்கிறது. பள்ளியில் இயற்பியலைப் பெயருக்குத்தான் படித்தேன். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். இயற்பியல் தெரியாமல் நுழையலாம். ஆனால் திரிகோணமிதியிலும் வகையிடலிலும் தடுமாற்றம் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தொடக்கத்திலேயே திசையன்களைக் கூறுகளாகப் பிரிக்கச் சொல்வார்கள். தொகையிடலை அதே பருவத்தில் கணித வகுப்பில் கற்றுக்கொண்டாலும் பெரும்பாலும் போதும்.

பள்ளிச் சூத்திரங்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் இங்கே சறுக்குவதுண்டு. ஓய்விலிருந்து கிளம்பும் பொருளின் முடுக்கம் ‘6 × நேரம்’ என்று கூடிக்கொண்டே போகிறது. 2 வினாடி முடிவில் திசைவேகம் என்ன? அப்போதைய முடுக்கம் 12, அதை 2ஆல் பெருக்கினால் 24 என்று எழுதிவிடுவார்கள். முடுக்கம் மாறாமல் இருந்தால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். தொகையிட்டால் திசைவேகம் ‘3 × நேரத்தின் வர்க்கம்’, அதாவது 12 மீ/வி. இன்னொரு முறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி 8 மீட்டர். மறப்பதற்குச் சூத்திரமே இல்லாத உங்களுக்கு இது ஒருவகையில் வசதிதான்!

கேள்வி: விடையைப் படித்தால் புரிகிறது. நானாகப் போட்டால் விசைக் கணக்குகள் தப்பாகின்றன. ஏன்?

பதில்: படம் வரையாமல் சமன்பாட்டுக்குத் தாவுவதால்தான். 10 கிலோ பெட்டியைக் கயிறு கட்டி, கிடைத்தளத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி 40 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். பெட்டி நகர்கிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.3. பலரும் தரை தரும் செங்குத்து விசையை எடைக்குச் சமமாக, 98 நியூட்டன் என்று போடுகிறார்கள். கயிறு 20 நியூட்டனை மேலே தூக்குவதால் அது 78தான். உராய்வு 23.4, கிடைக்கூறு 34.6, முடுக்கம் சுமார் 1.12 மீ/வி². 98 என்று போட்டவருக்கு 0.52 வரும், பாதிகூட இல்லை.

பெட்டியை மட்டும் தனியாக வரைந்து, அதைத் தொடும் ஒவ்வொன்றுக்கும் விசை போடுங்கள், பிறகு எடை. ‘நகரும் விசை’ என்று தனியாக ஒன்று கிடையாது. சாய்தளத்தில் சைனா கொசைனா என்று குழம்பினால் கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள்: தளத்தின் வழியே இழுக்கும் கூறு மறைய வேண்டும், ஆகவே அது சைன்.

அலைவுப் பாடம் வந்ததும் கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றுங்கள். சாய்தளக் கணக்குக்குத் திரும்பும்போது மறக்காமல் டிகிரிக்கு.