ஆற்றோரப் பூங்காவும் பறவைகளும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆற்றோரப் பூங்காவில் பெரிய மரங்களுக்கும் பச்சைப் புல்வெளிக்கும் குறைவில்லை. ஆனாலும் காக்கை, புறா, மைனா தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லையே?

பதில்: மேலே மரம், கீழே புல். நடுவில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, புதரையெல்லாம் சீவி எடுத்திருப்பார்கள். தையல்சிட்டு தாழ்வான செடியின் இலை ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இழுத்துக் கூடு தைக்கும். அந்தச் செடியே இல்லையென்றால் எங்கே போகும்? ராபர்ட் மெக்ஆர்தரும் ஜான் மெக்ஆர்தரும் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், இலைகள் பல உயரங்களில் பரவியிருந்த காடுகளில் பறவை வகைகளும் கூடுதலாக இருந்தன. மரங்கள் எத்தனை வகை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பறவை வகைகள் ஏன் கூடுகின்றன, குறைகின்றன என்பதற்கு அதற்கு மேல் பெரிதாக விளக்கம் கிடைக்கவில்லை.

கேள்வி: சரி, அப்படியானால் பூங்கா முழுக்கப் புதர் வளர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆட்காட்டியும் வாலாட்டியும் வெட்டவெளித் தரையில் நடந்தே இரை தேடுபவை. புதர், புல், மரம் எல்லாம் கலந்து இருக்கட்டும்.

கேள்வி: கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பிய பிறகும் மீன்கொத்தி வருகிறது. சுவரால் பாதிப்பில்லை என்று சொல்லலாமா?

பதில்: வருவது வேறு, குடியிருப்பது வேறு. மீன் இருந்தால் மீன்கொத்தி வரத்தான் செய்யும். முட்டையிட அதற்குச் செங்குத்தான மண்கரை வேண்டும். அலகால் கொத்தி, காலால் மண்ணைத் தள்ளி, உள்ளே போகப் போகச் சற்றே மேலேறும் வளை தோண்டும். சுவரில் அதற்கு வழியில்லை. உள்ளான்களுக்கு இன்னும் மோசம். நீர் வடியும்போது தெரியும் சேற்றில்தான் அவற்றின் சாப்பாடே இருக்கிறது. நேராக இறங்கும் சுவரில் சேற்று ஓரம் ஏது? நீர்க்காகம் மட்டும் சுவர் மேலேயே சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். அதனால், பறவைப் பட்டியல் எழுதும்போது பெயரோடு அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் குறியுங்கள். கூட்டுக்கு நார் சுமக்கிறதா, குஞ்சுக்கு இரை ஊட்டுகிறதா, சும்மா பறந்து போகிறதா? வெறும் எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கேள்வி: பக்கத்திலேயே நெடுஞ்சாலை. வண்டிச் சத்தம் பறவைகளைத் துரத்திவிடுமா?

பதில்: எல்லாவற்றையும் அல்ல. நெதர்லாந்தின் லெய்டன் நகரில், சத்தம் மிகுந்த இடங்களில் வாழும் பெரிய பட்டாணிக்குருவிகள் தாழ்ந்த சுருதியைத் தவிர்த்துப் பாடுவதாக 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. வண்டி இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. குரலை அப்படி மாற்ற முடியாத பறவைக்குத்தான் சிக்கல். காதை நம்பி வேட்டையாடும் ஆந்தைக்கும் அப்படியே.

கேள்வி: அழகுக்காக வெளிநாட்டு மரங்கள் நடுகிறார்கள். பறவைக்கு எந்த மரமானால் என்ன?

பதில்: உட்கார என்றால் எதுவானாலும் சரி. குஞ்சு வளர்க்கப் புழு வேண்டுமே! பல புழுக்கள் தங்களுக்குப் பழகிய மண்ணின் செடிகளைத்தான் தின்னும். வாஷிங்டன் நகரப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தாவரங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் உள்ளூர் வகைகளாக இருந்தால்தான் கரோலினா சிக்கடீ என்ற குருவி தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடிந்தது.

கேள்வி: பட்டுப்போன மரம் ஒன்று நிற்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: நடைபாதை மேல் சாயும் என்றால் ஆபத்தான கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, உறுதியான அடிமரத்தை நிற்க விடுங்கள். மரங்கொத்தி அதில் பொந்து குடையும். அது காலி செய்த பிறகு மைனாவோ கிளியோ ஆந்தையோ குடிவரும்.