குடியை நிறுத்த கவுன்சலிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு ஊரே புத்தி சொல்லியாயிற்று. கவுன்சலர் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்?

பதில்: புத்தி சொல்ல மாட்டார், கேட்பார். எந்த நேரத்தில், யாரோடு, கையில் எவ்வளவு காசு இருக்கும்போது குடி தொடங்குகிறது என்று ஒரு வாரம் எழுதிவரச் சொல்வார். சம்பள நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாஸ்மாக், கூடவே வரும் அந்த ஒரு நண்பர் என்று மூன்று நான்கு இடங்கள் பிடிபடும். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும்: சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும், வேறு வழியாக வீடு திரும்பட்டும், ஆறு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடட்டும். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைக் கடக்கப் பழக்குவதுதான் கவுன்சலிங்கின் முக்கால் பங்கு வேலை.

கேள்வி: தினமும் குடிக்கிறேன், காலையில் கை நடுங்குகிறது. நாளைக்கே அடியோடு நிறுத்திவிட்டு கவுன்சலிங் வரலாமா?

பதில்: தயவுசெய்து வீட்டில் தனியாக நிறுத்தாதீர்கள். நடுக்கம் இருந்தால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது என்று பொருள். நிறுத்திய முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிவது, ஆள் அடையாளம் குழம்புவது, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர். அவர் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுப்பார், தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார். தலை தெளிந்த பிறகுதான் கவுன்சலிங் மனதில் ஏறும்.

கேள்வி: சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது டைசல்ஃபிரமாக (மது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்தால், அதற்கு மேல் மது குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி இறந்தும் போகலாம். டாக்டர் சொல்லி, குடிப்பவரே சம்மதித்து விழுங்க வேண்டிய மாத்திரை அது.

கேள்வி: நாலு மாதம் விட்டிருந்த அண்ணன் திருவிழாவில் குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

பதில்: இல்லை. ‘எப்படியும் குடிச்சாச்சு’ என்ற நினைப்புதான் ஒரு குவார்ட்டரை ஒரு வாரக் குடியாக்குகிறது. திட்டாமல் மறுநாளே கவுன்சலரிடம் கூட்டிப்போங்கள். யார் ஊற்றிக் கொடுத்தார்கள், எந்த நொடியில் மறுக்க முடியாமல் போனது என்று பார்த்து, அடுத்த விசேஷத்துக்கு இப்போதே வழி செய்யலாம்.

கேள்வி: அவர் வரவே மாட்டேன் என்கிறார்.

பதில்: நீங்கள் போங்கள். அவர் கடனை நீங்கள் அடைப்பது, ஆபீசுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது ஆகியவற்றை எப்படி நிறுத்துவது என்று கவுன்சலர் சொல்லித்தருவார். போதையில் இருக்கும்போது வாதாடாமல், காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். 14446 என்ற இலவச எண்ணில் அருகிலுள்ள மையத்தை விசாரிக்கலாம். அடிக்கிறார் என்றால் முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.